இராப்பலகையும் தீவுப்பகுதிப் பிள்ளைகளும்

முத்திரை, நாணயம் சேர்ப்பவர்கள் நம் சமூகத்தில் நிறையப்பேர் உண்டு. பழைய திசைகாட்டி, பாய்க்கப்பல் விளக்கு, தண்டல்மாரின் கணக்குக் கொப்பி என்று தேடுபவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்களும் வயதானவர்கள். அவர்களுக்குப் பிறகு அந்தச் சாமான்கள் பழைய இரும்புக்காரரின் தராசுக்குத்தான் போகும். அவருக்குப் பித்தளை கிலோ என்ன விலை என்பது மட்டும் தெரியும்.

1990 ஒக்ரோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கொஞ்சக் காசும் உடுதுணியும்தான் கையோடு வந்தன. பரணில் கிடந்த பெட்டியை ஆர் நினைத்தது? ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நம்மவர் கடலோடு வாழ்ந்ததற்குக் கையில் எடுத்துக் காட்டக்கூடிய சாட்சி குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இளம் பிள்ளைகளை இதற்குள் கொண்டுவர விலையைச் சொன்னால் சரிவராது. முதலில் கையில் ஒரு பொருளைக் கொடுக்க வேண்டும். அதற்கு நான் தெரிவுசெய்வது இராப்பலகை. அரபு மாலுமிகள் 'கமால்' என்றது இதைத்தான். சின்னப் பலகை, நடுவில் துளை, அதில் முடிச்சுகள் போட்ட கயிறு, அவ்வளவே. கயிற்றைப் பல்லில் கடித்து, பலகையின் கீழ் விளிம்பை அடிவானத்திலும் மேல் விளிம்பைத் துருவ வெள்ளியிலும் பொருத்துவார்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகம். சோழமண்டலக் கரையோரம் இது புழங்கியதைக் கொங்கிறீவ் என்ற ஆங்கிலேயர் 1850இல் எழுதிவைத்தார்.

இதை வகுப்பிலேயே செய்யலாம். 8 சென்ரிமீற்றர் உயர மட்டை போதும். ஊர்காவற்றுறைக்கு முடிச்சு ஏறத்தாழ 47 சென்ரிமீற்றரில் வரும், நாகபட்டினத்துக்கு 42இல். வடக்கே போகப்போக வெள்ளி உயரும், கயிறு குறுகும். ஒரு பாகைக்குச் சற்றுக் கூடிய தூரம் கயிற்றில் ஐந்து சென்ரிமீற்றராக நிற்பதைக் கண்டால் எந்தப் பிள்ளைக்கும் ஆவல் வரும். துருவ வெள்ளி வடமுனையில் சரியாக நிற்பதில்லை, ஆகையால் இது பருமட்டான அளவுதான்.

அடுத்தது சொல். இதற்குக் காசே வேண்டாம். மாலுமி என்பது அரபு 'முஅல்லிம்'. கப்பலில் வழி சொல்பவரும் ஓர் ஆசிரியர்தான். சுக்கானும் கலாசியும் அரபு, நங்கூரமும் நாகுதாவும் பாரசீகம். இன்னும் ஊரிலுள்ள மூத்த கடலோடிகளிடம் இவற்றை ஒலிப்பதிவு செய்வதும் சேகரிப்பே. மூத்தவர் மௌத்தானால் சொல்லும் கூடப்போய்விடும் (இதைப் பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை).

குறிகட்டுவானிலிருந்து படகேறி நயினாதீவுக்குப் போனால் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு. பரதேசி வணிகர் ஊராத்துறைக்கு வரவேண்டும் என்றும், யானை குதிரை ஏற்றிய கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, வணிகச் சரக்கென்றால் பாதி என்றும் அது விதிக்கிறது. எண்ணூறு வருடங்களுக்கு முன்னரே உடைந்த கப்பலின் சாமான் யாருக்கு என்ற கேள்வி இந்தத் துறையில் இருந்திருக்கிறது.

இன்றைக்கும் அந்தக் கேள்வி உண்டு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் தொல்பொருளாகும். புதிதாகக் கண்டெடுத்தால் அரசுக்குரியது, அறிவிக்க வேண்டும். சுழியோடி எடுத்த ஒல்லாந்தர் காசை இரகசியமாய் வாங்குவதை முதல் நாளிலேயே தடுத்துவிட வேண்டும்.

வீட்டுச் சாமானுக்கு அந்தப் பயம் வேண்டாம். பித்தளையைப் புளிபோட்டு மினுக்காமல், கூடவே ஒரு துண்டுக் கடதாசி வைத்தால் போதும்: ஆருடையது, எந்தத் தோணி, எந்தத் துறை, சொன்னவர் யார், என்றைக்குச் சொன்னார்.