பெரியப்பாவின் பந்தய மிதிவண்டி

நெடுநாள் நோயுற்றவருக்கு மருந்தையும் உணவையும் வேளை தவறாமல் தருகிறோம். அவர் செய்வதற்கென்று ஒரு வேலையைத் தர மறந்துவிடுகிறோம். பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்து, பேச்சும் குழறிய எங்கள் பெரியப்பாவுக்கு அத்தகைய வேலையொன்று எதிர்பாராமல் வாய்த்தது. தென்காசி வீட்டின் பின்கட்டில் துருவேறிக் கிடந்த அவருடைய மிதிவண்டியைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப எண்ணியிருந்தோம். அவரோ இடக்கையால் அதன் சீட்டைப் பற்றிக்கொண்டு விட மறுத்தார். அதனால் அதைச் சீர்செய்ய முடிவெடுத்தோம்.

வண்டியின் வயது

இளமையில் கொழும்பில் கணக்கெழுதியபோது அவர் பழையதாக வாங்கிய வண்டி அது. எண்ணெயிட்டுத் துடைத்ததும் 'ராலி லென்டன்' என்னும் எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் இயங்கிய ராலி ஆலையின் விரைவு வண்டி அது. 1949 முதல் 1951 வரை தொடர்ந்தும், மீண்டும் 1954இலும் உலக விரைவோட்ட வாகையரான ரெஜ் ஹாரிஸ் ராலி வண்டியிலேயே ஓடியவர். பின்சக்கர அச்சின் மூன்று வேகப் பெட்டியில் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் ஆண்டைப் பொறிப்பது வழக்கம். எங்கள் வண்டியில் '52' என்றிருந்தது. ஆகவே அந்தப் பெட்டி 1952இல் செய்யப்பட்டது.

பிரித்தலும் பூட்டுதலும்

டயர்தான் பெருந்தொல்லை தந்தது. பழைய ரிம்முக்கு 597 மில்லிமீட்டர் டயர் வேண்டும். கடைகளில் எளிதாகக் கிடைத்ததோ 590. ஏழு மில்லிமீட்டர்தான் வேறுபாடு. ஆயினும் டயர் ஏறாது. நல்லவேளையாக, முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி என்னும் கணக்கு நம் ஊர் வண்டிகளுக்கும் உண்டு. எனவே பழைய அச்சுகளில் புதிய ரிம்களைக் கட்டிக் கோட்டம் எடுத்தார் சைக்கிள் கடைக்காரர். பழைய ரிம்களைப் பொதிந்து வைத்துள்ளோம்.

பெடல் அச்சில் பக்கத்துக்குப் பதினொன்றாக 22 பால்ரஸ்கள் உண்டு. இயன்முறை சிகிச்சையாளரின் இசைவோடு, அவற்றை வலக்கை விரல்களால் எடுத்துக் கிண்ணத்தில் இடும் வேலையைப் பெரியப்பா ஏற்றார். முதல்நாள் நான்கு, கைதவறி உருண்டவை பல. சில வாரங்களில் பதினொன்றையும் எண்ணி வைத்தார். எண்ணிக்கையை வாய்விட்டும் சொன்னார். அந்த மாதத்தில் நாங்கள் தெளிவாகக் கேட்ட சொற்கள் அவைதாம்.

கவனிக்க வேண்டியவை

• பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்க்கலாகாது. நீரிட்டுத் தேய்க்க வேண்டும். அவ்விடத்தில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் நுரையீரல் நோயாளரும் இருக்கக் கூடாது.

• இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போருக்குச் சிறு கீறலும் நெடுநேரம் கசியும். கூரிய பாகங்களை அவர்களிடம் தராதீர்கள்.

• மண்ணெண்ணெயால் துடைக்கும் வேலையைக் காற்றோட்டமான இடத்தில், அடுப்பிலிருந்து விலகி, உடல்நலமுள்ளவரே செய்யட்டும்.

• சோர்வு தோன்றுமுன் நிறுத்துங்கள். நாங்கள் நாளுக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் போகவில்லை.

வண்டி இப்போது ஓடுகிறது, பெரியப்பா ஓட்டவில்லை. உடலின் சமநிலை முழுதும் திரும்பாததால் மருத்துவர் இசையவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை. ஆனி, ஆடிச் சாரலில் குற்றாலச் சாலையில் ஓட்டிச் செல்பவர் வீட்டின் இளையவர். ஈரத்தைத் துடைத்துச் செயினுக்கு எண்ணெயிடும்வரை அவரை உள்ளே விடாதவர் பெரியப்பா.

உங்கள் வீட்டிலும் ஒரு தையல் இயந்திரமோ வானொலியோ ஓய்ந்து கிடக்கலாம். அதைத் தூக்கி எறியுமுன், அதனோடு வாழ்ந்தவரைக் கேளுங்கள். அவர் கைக்கு ஏற்ற வேலை அதில் உண்டா என்பதைச் சிகிச்சையாளரிடமும் கேளுங்கள்.