ஒளிக்கு 'லைன் கிளியர்' கொடுப்பது யார்? ஃபைபர் நெட்வொர்க்கின் பொது மொழிக்கு ஏன் இத்தனை பஞ்சாயத்து?

நாம பார்க்கும் ரீல்ஸ், ஆபீஸ் வீடியோ கால், யு.பி.ஐ. பரிவர்த்தனை எல்லாமே வழியில் எங்கேயோ ஒளியாக மாறி ஃபைபர் கேபிளில் ஓடுகின்றன. அந்தப் பாதையில் பல நிறுவனங்கள் தயாரித்த கருவிகள் இருக்கும். அவை ஒன்றோடு ஒன்று பேச ஒரு பொது மொழி வேண்டும். அந்த மொழியில் புதிய சொல்லைச் சேர்க்கும் உரிமை யாருக்கு? அடுத்த கட்டத் தரநிலைகளைத் திட்டமிடும்போது முதலில் வந்து நிற்கும் கேள்வி இதுதான்.

சிக்னலிங் என்றால் என்ன?

ரயில் கிளம்பும் முன் ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனிடம் 'லைன் கிளியர்' கேட்பார் இல்லையா? கிட்டத்தட்ட அதே கதைதான். டேட்டா கிளம்பும் முன், 'இந்த இரு முனைகளுக்கு நடுவில் ஒரு பாதை வேண்டும்' என்ற கோரிக்கை ஒவ்வொரு கருவியாகக் கடந்து மறுமுனைக்குப் போகும். 'ஒதுக்கியாச்சு' என்ற பதில் அதே வழியில் திரும்பி வரும். இதற்கான புரோட்டோகால் தொகுப்பின் பெயர் ஜி.எம்.பி.எல்.எஸ். இணையத் தரநிலைகளை உருவாக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு, இதன் முக்கிய சிக்னலிங் ஆவணங்களை 2003 ஜனவரியில் வெளியிட்டது.

சிக்கல் எங்கே தொடங்கியது?

ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யூ.வும் தானாக இயங்கும் ஒளி நெட்வொர்க்குக்கு ஒரு வடிவமைப்பை வைத்திருந்தது. அதன் தேவைக்காக அதே புரோட்டோகாலில் சில கூடுதல் அம்சங்கள் சேர்க்கப்பட்டன. 2003 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 3474 என்ற எண்ணில் அவை வெளியாகின. ஆனால் 'தகவலுக்காக' மட்டும்தான், ஐ.இ.டி.எஃப். தரநிலையாக அல்ல. விளைவு: ஒரே மொழி, இரண்டு வட்டார வழக்கு. இரண்டு கம்பெனியிடம் கருவி வாங்கும் டெலிகாம் நிறுவனத்துக்கு இது நேரடித் தலைவலி.

என்ன தீர்வு வந்தது?

2007 ஜூனில் ஐ.இ.டி.எஃப். ஒரு நடைமுறையை எழுதி வைத்தது: ஆர்.எஃப்.சி. 4929. அதன் சாரம் சிம்பிள். வெளி அமைப்புகள் ரெடிமேட் தீர்வோடு வரக் கூடாது. 'எங்களுக்கு என்ன தேவை' என்பதை முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். தேவை நியாயமானதா, இருப்பதை வைத்தே சமாளிக்க முடியுமா என்று பார்த்த பிறகுதான் புரோட்டோகாலில் கை வைப்பார்கள். கேட்க மெதுவான வழி மாதிரி இருக்கும். ஆனால் கருவிகள் ஊரெங்கும் பொருத்தப்பட்ட பிறகு மொழியைத் திருத்துவது அதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

இனி என்ன?

முன்பு அலைநீளங்களுக்கு நிலையான இடைவெளி இருந்தது. இப்போது 12.5 கிகாஹெர்ட்ஸின் மடங்குகளாக, தேவைக்கேற்ற அகலத்தில் ஒதுக்கலாம். கட்டுப்பாடும் மாறுகிறது. கருவிகள் தங்களுக்குள் கேட்டு முடிவெடுப்பதற்குப் பதிலாக, மையக் கன்ட்ரோலர் ஒன்று மொத்த வரைபடத்தையும் பார்த்து உத்தரவிடும் முறை வளர்ந்திருக்கிறது. அதற்கான கட்டமைப்பை ஐ.இ.டி.எஃப். 2018-ல் வெளியிட்டது.

இன்னொரு திருப்பமும் உண்டு. தனிப் பெட்டியாக இருந்த ஒளிக்கருவி, ரவுட்டரில் செருகும் சின்ன மாட்யூலாகச் சுருங்கிவிட்டது. அப்படியென்றால் அதன் லேசரை ஆன் செய்வது யார்? ரவுட்டரைக் கவனிக்கும் டீமா, ஒளி நெட்வொர்க்கைக் கவனிக்கும் டீமா? இரண்டு பேரும் தனித்தனி உத்தரவு கொடுத்தால் என்ன ஆகும்?

ஆக, கேள்வி பழையதுதான். 'லைன் கிளியர்' கொடுக்கும் அதிகாரம் யாரிடம் என்பதை முன்கூட்டியே பேசி எழுதி வைத்தால், எந்தக் கம்பெனியின் கருவியையும் எதனோடும் இணைக்கலாம். இல்லையென்றால், முதலில் வாங்கிய கம்பெனியிடமே கடைசி வரை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.