நாடியும் இருதயக் கதவுகளும்

நாடி பார்த்தல் நம் நாட்டுக்குப் புதிதன்று. வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றையும் மூவிரலால் தேர்வது சித்த வைத்திய நெறி. யாம் ஈண்டுக் கூறப் புகுவதோ, மேனாட்டு வைத்தியர் அதே மணிக்கட்டில் விரல் வைத்து, இருதயக் கதவுகளுள் எது பழுதுற்றதென உய்த்துணரும் முறையையாம்.

இருதயத்துக்கு நான்கு கதவுகள் உண்டு. இரத்தம் முன்செல்லத் திறந்து, பின்திரும்பாவண்ணம் மூடும் மெல்லிதழ்கள் அவை. பதனிட்ட தோல் வளைந்து கொடுப்பதையும், காய்ந்த பச்சைத்தோல் விறைத்து நிற்பதையும் ஆம்பூர், வாணியம்பாடி அன்பர்களுக்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இதழ்கள் விறைத்து ஒன்றோடொன்று ஒட்டினால் வாயில் குறுகும், சுருங்கினால் மூடாது.

பெருந்தமனியின் கதவு மூடாதவர் நாடியே மிக வியப்புடையது. முன்னாளில் கவலை இறைக்குங்கால் தோற்பை கிழிந்திருப்பின், மேல்வந்த நீரில் ஒரு பங்கு மீண்டும் கிணற்றிலேயே வீழும். அதுபோல, வெளிச்சென்ற இரத்தத்தில் ஒரு பங்கு இருதயத்துக்கே திரும்புகிறது. திரும்பியதையும் சேர்த்து அடுத்த துடிப்பில் இருதயம் வீசியெறிகிறது. ஆகலின் நாடி விரைந்தெழுந்து விரலைத் தாக்கி, உடனே சரிந்து விழும். நோயாளியின் கையை உயர்த்திப் பிடித்தால் இது மேலும் தெளிவாகும். டப்ளின் நகரத்துக் காரிகன் என்பார் 1832இல் இந்நோயை விரித்தெழுதினார். 1857இல் மறைந்த பிரெஞ்சுக் கவிஞர் ஆல்பிரட் தெ முஸ்ஸேயின் தலை, நாடிக்கிசைய அசைந்ததாம். அக்குறி அவர் பெயராலேயே வழங்குகிறது. இலக்கியம் பயிலும் எமக்கு இஃது ஒரு சிறு மகிழ்ச்சி. அவருக்கு அஃது இருந்திராது.

அக்கதவே குறுகினால் நாடி சிறுத்து, தயங்கி ஏறும். முதியோரிடத்துத் தமனிகள் விறைத்திருத்தலால், இக்குறி மறைந்து வைத்தியரை ஏமாற்றுதலும் உண்டு.

இடப்புறத்து மேலறைக்கும் கீழறைக்கும் இடைப்பட்ட ஈரிதழ்க் கதவின் குறுக்கமோ இளைஞரையும் வருத்துவது. சிறு வயதில் தொண்டைப்புண், சில வாரங்களில் மூட்டுவீக்கமும் சுரமும், பல்லாண்டு கழித்து மூச்சிரைப்பு என்பது இதன் வழி. தாய்மையுற்ற பெண் மூச்சு முட்டி வரும்போதே நோய் முதன்முதல் வெளிப்படுதலும் உண்டு. தொடக்கத்தில் நாடி ஏதும் உரைப்பதில்லை. பின்னர் மேலறை ஒழுங்கின்றித் துடிக்கத் தொடங்கினால், நாடி தாளம் முற்றுங் கெட்டு ஓடும். ஒருவர் மார்பிலும் மற்றொருவர் மணிக்கட்டிலும் ஒரே நிமிடத்தில் எண்ணினால், மார்பில் 110, கையில் 90 என வேறுபடலாம்; நிரம்புமுன் எழுந்த துடிப்புக்கள் கைவரை எட்டுவதில்லை. அம்மேலறையில் இரத்தம் உறைந்து, மூளைக்குச் சென்று அடைப்பதும் உண்டு. மூட்டுச்சுரம் ஒருமுறை கண்ட குழந்தைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கொருமுறை பெனிசிலின் ஊசி இடுவது இதனைத் தடுக்கவே.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ரீவ் பெட்ஸ் நெஞ்சறைச் சத்திர சிகிச்சைப் பகுதியைத் தொடங்கினார். இருதயத்தைத் திறந்து பாராமலே, சத்திர வைத்தியர் தம் விரலை மேலறையுட் செலுத்தி, குறுகிய கதவைத் தடவியறிந்து, ஒட்டிய இதழ்களைப் பிரிக்கும் சிகிச்சை அங்கே பெருவழக்காயிற்று. அவ்வாறு சிகிச்சை பெற்ற 3,724 பேரின் வரலாற்றை அவ்வைத்தியர்கள் 1983இல் வெளியிட்டனர். இப்போது பெரும்பாலும் தொடையின் இரத்தக்குழாய் வழியே பலூன் செலுத்தியே அக்கதவை விரிக்கின்றனர்.