பெயர் மாறினால் ஆள் மாறுமா?



என்னை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர். இரண்டும் நான்தான். சி பிளஸ் பிளஸ் என்ற கம்ப்யூட்டர் மொழியில் 'டைப்டெஃப்' என்று ஒன்று உண்டு. அதன் வேலையும் இதுதான். ஏற்கெனவே இருக்கிற வகைக்கு இன்னொரு பெயர் வைக்கும். புது வகை எதுவும் உண்டாகாது.

இது தெரியாமல் நானும் பதினொன்றாம் வகுப்பு படிக்கிற எங்க அக்காவும் ஏமாந்துபோனோம். பி.எம்.ஐ. கணக்குப் போட ஒரு புரோகிராம் எழுதினோம். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கணும், அவ்வளவுதான். புள்ளி வைத்த எண்களுக்கு 'ஃப்ளோட்' என்று ஒரு வகை இருக்கிறது. அதற்கே எடை, உயரம் என்று இரண்டு பெயர் வைத்தோம். என் எடை 38 கிலோ, உயரம் 1.42 மீட்டர். விடை 18.8 வரணும். வந்ததோ 0.00098! அவசரத்தில் உயரத்தை முதலில் கொடுத்துவிட்டோம். கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு இரண்டும் வெறும் ஃப்ளோட்.

எங்களுக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பரில் செவ்வாய்க்குப் போய்த் தொலைந்ததும் இப்படிப்பட்ட குழப்பத்தால்தான். ஒரு மென்பொருள் பவுண்டு விசையில் எண் கொடுத்தது, இன்னொன்று அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. சுமார் 4.45 மடங்கு வித்தியாசம். எண்ணைப் பார்த்தால் அது எந்த அலகு என்று எப்படித் தெரியும்?

புது வகையே வேண்டும் என்றால் இனக்குழு, அதாவது கிளாஸ், எழுதணும். அதற்குள் கன்ஸ்ட்ரக்டர் இருக்கும். அக்கா புத்தகத்தில் அதற்கு 'ஆக்கி' என்று பெயர். ஒரு பொருளை உருவாக்கும்போது ஆக்கி தானாகவே ஓடும். எடை சைபருக்குக் கீழே இருந்தால் அங்கேயே தடுத்துவிடலாம். எடைக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று என்று இரண்டு இனக்குழு எழுதி, வேண்டுமென்றே இடம் மாற்றிக் கொடுத்துப் பார்த்தோம். கம்பைலர் பிழை காட்டி நின்றுவிட்டது! ஆக்கிக்கு முன்னால் 'எக்ஸ்பிளிசிட்' என்று போட மறக்கக் கூடாது. மறந்தால் வெறும் எண்ணைக் கொடுத்தாலும் அதுவாகவே எடையாக மாற்றிக்கொள்ளும். பழைய குழப்பம் திரும்பி வந்துவிடும்.

சரி, இனக்குழுவுக்கே செல்லப்பெயர் வைத்தால்? வைக்கலாம். அந்தப் பெயரைச் சொல்லியே பொருளை உருவாக்கலாம், ஓடுவது அதே ஆக்கிதான். ஆனால் இனக்குழுவுக்குள் ஆக்கியை எழுதும்போது சொந்தப் பெயரைத்தான் போடணும். பாப்பா என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பேன், மாற்றுச் சான்றிதழில் அப்படி எழுத முடியுமா? நாங்கள் செல்லப்பெயரில் ஆக்கி எழுதியும் பார்த்தோம். பிழைதான் வந்தது.