சுண்டிக்குளம் போகத் திட்டமிடுவோருக்கு

இலங்கையின் வடக்கே, ஆனையிறவுக்குக் கிழக்கில், கடலை ஒட்டிக் கிடக்கிறது சுண்டிக்குளம் களப்பு. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் ஈரநிலம் இது. 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. போர் முடிந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 2015இல் தேசியப் பூங்காவானது. பரப்பு ஏறத்தாழ 19,565 ஹெக்டேர். யால, வில்பத்து அளவுக்குப் பெயர் பெறாத இந்தப் பூங்காவுக்குப் போகிறவர் தன் ஏற்பாடுகளைத் தானே செய்துகொள்ள வேண்டும்.

எப்போது போகலாம்?

நாளைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். இங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும். கனகராயன் ஆறு பெருகி இரணைமடுக் குளம் நிரம்பி வான் கதவுகள் திறந்தால், அந்த வெள்ளமும் களப்பை நோக்கியே வரும். ஆழம் கூடிவிட்டால், சேற்றில் நடந்து இரை தேடும் பறவைகளுக்கு இடமிராது. மழை ஓய்ந்து நீர் வடியத் தொடங்கியதும் ஓரங்களில் சேற்றுத்திட்டுகள் தலைகாட்டும். உள்ளான்களும் மூக்கன்களும் அங்கே இறங்கும். பூநாரைகள் ஆழமில்லாத உவர்நீரில் தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடிகட்டிச் சிற்றுயிர்களை உண்ணும். கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், ஊசிவால் வாத்து ஆகியவற்றையும் பார்க்கலாம். ஆகவே ஜனவரிக் கடைசி முதல் மார்ச் வரை ஏற்ற காலம். ஏப்ரலில் வலசைப் பறவைகள் வடக்கே திரும்பிக்கொண்டிருக்கும். மழை பிந்திய ஆண்டில் உங்கள் பயணத்தையும் தள்ளி வையுங்கள்.

எப்படிப் போவது?

கொல்லிமலையிலுள்ள திருப்புலி நாட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் மலையிறங்கி, நாமக்கல் வழியாகத் திருச்சிக்கு வந்துவிட்டால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு விமானம். மற்றொன்று, நாகப்பட்டினம் போய்க் காங்கேசன்துறைக்குக் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கிய இந்தக் கப்பல் சேவை இடையிடையே நின்றிருக்கிறது. மழைக்காலத்தில் ஓடாமல் இருப்பதும் உண்டு. இரண்டின் கால அட்டவணையும் மாறக்கூடியது, உறுதிசெய்துகொண்டு பணம் கட்டுங்கள். பாஸ்போர்ட்டோடு, இலங்கை அரசின் இணையதளத்தில் பெறும் பயண அனுமதியும் தேவை.

தங்குவதற்கு யாழ்ப்பாணமோ கிளிநொச்சியோ வசதி. ஏ-9 வீதியில் பளைப் பக்கமாகக் கிழக்கே பிரிந்து மருதங்கேணி சேர்ந்து, கடற்கரையோரமாகத் தெற்கே இறங்கலாம். பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலிருந்து களப்பின் தென்பக்கத்தை நெருங்கலாம். மணற்பாதை வரும், நிழல் குறைவு. அந்தப் பகுதியை அறிந்த ஓட்டுநரோடு, விடியும் முன்பே புறப்படுங்கள். குடிநீர், சாப்பாட்டுப் பொட்டலம், தொப்பி, தொலைநோக்கி ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

எதில் கவனம் வேண்டும்?

முதலாவது, மிதிவெடி. இந்த மண் 2009 வரை போர்க்களமாக இருந்தது. வெடிகளை அகற்றும் பணி ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கிறது. ஆனாலும் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை கண்ட இடத்தில் ஓர் அடிகூட எடுத்து வைக்காதீர்கள். பலகை இல்லாத இடத்திலும் வழக்கமான பாதையை விட்டு விலக வேண்டாம். கிடக்கும் உலோகப் பொருள் எதையும் தொடாதீர்கள்.

இரண்டாவது, அனுமதி. எந்தப் பகுதிக்குள் போகலாம், கட்டணம் என்ன, வழிகாட்டி வேண்டுமா என்பதை வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். நீரோரங்களில் முதலை உண்டு.

மூன்றாவது, பறவைகளும் மனிதர்களும். படத்துக்காகப் பூநாரைக் கூட்டத்தை விரட்டிப் பறக்கவிடாதீர்கள். நெடுந்தொலைவு பறப்பதற்குச் சேர்த்துவைக்கும் கொழுப்பு ஒவ்வொரு விரட்டலிலும் வீணாகும். களப்பையும் கடலையும் நம்பி வாழும் மீனவக் குடும்பங்கள் போரிலும் 2004 ஆழிப்பேரலையிலும் நிறைய இழந்தவை. படம் எடுக்கும் முன் அவர்களிடம் கேளுங்கள். வாகனமும் உணவும் அந்த ஊர்க்காரர்களிடமே வாங்குங்கள்.

கடல் கடக்க முடியாதவர்களுக்குக் கோடியக்கரை இருக்கிறது. 1967இல் சரணாலயமாகி, 2002இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். பாக் நீரிணையின் இந்தக் கரையிலும் அதே பருவத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் வந்து இறங்குகின்றன. முதல் ஆண்டு அங்கே போய்ப் பறவைகளை இனங்காணப் பழகிக்கொண்டால், அடுத்த ஆண்டு சுண்டிக்குளத்தில் பார்ப்பது எது என்று தெரிந்து பார்ப்பீர்கள்.