ஆள் சேர்ப்பதிலும் ஒழுங்கு வேண்டும்

பிழைப்பை நாடி எல்லை தாண்டிய தமிழ்க் குடும்பங்களுள் கட்டிட வேலையை நம்பி வாழ்வன பல. பாலக்காட்டுப் பகுதிக்கு வாளையார், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகவும், இடுக்கிப் பகுதிக்குக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவும் நம்மவர் வந்தவண்ணம் இருக்கின்றனர். கொத்தனாராக, சித்தாளாக, கம்பி கட்டுபவராக, சாரம் கட்டுபவராக அவர்கள் உழைக்கின்றனர். அவர்களிற் சிலர் மேஸ்திரிகளாக உயர்ந்து தாமே ஆள் சேர்க்கும் நிலைக்கும் வந்துள்ளனர். ஆகவே ஆள் சேர்க்கும் முறை என்பது நம் சங்கத்தார் இரு தரப்பிலிருந்தும் எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயமாகும்.

இந்நாட்டின் பெரிய கட்டுமானங்களில் நம்மவர் கை படாதது அரிது. கர்னல் பென்னிகுயிக் 1887 முதல் 1895 வரை நின்று கட்டிய பெரியாற்று அணை, மலேரியாக் காய்ச்சலுக்கு நடுவே கூலியாட்களின் உழைப்பால் எழுந்தது. மலம்புழை அணை 1949 இல் தொடங்கப்பெற்று, 1955 அக்டோபரில் அன்றைய சென்னை முதலமைச்சர் காமராசரால் திறந்து வைக்கப்பட்டது. அணைகளின் பெயரும் திறந்தவர் பெயரும் கல்லில் நிற்கின்றன. கல் சுமந்தவர் பெயர் ஏட்டிலாவது நின்றதா என்பதே நம் கேள்வி.

பழைய கங்காணி முறையை மூத்தோர் அறிவர். ஊரில் முன்பணம் கொடுத்து ஆளைப் பிடிப்பது கங்காணியின் வழக்கம். கூலி அவன் கைவழியே வரும், கடன் வளரும். இலங்கைத் தோட்டங்களில் ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குப் போக விரும்பிய ஆட்களுடன் அவர்கள் கடனையும் எழுதிய 'துண்டு' ஒன்று கூடவே சென்றது. கடனைத் தீர்த்த தோட்டமே ஆளையும் பெற்றது. 1921 ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் முன்பணத்தால் ஆளைக் கட்டும் மனப்பான்மை இன்றும் சில இடங்களில் மேஸ்திரி என்னும் பெயரில் உலவுகின்றது.

முறையின்மையால் விளையும் கேட்டுக்கு ஓர் உதாரணம் கூறுவோம். நாம் அறிந்த குடும்பம் ஒன்றின் தலைவர் இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தார். வீட்டுக்காரர், "மேஸ்திரியின் ஆள்" என்றார். மேஸ்திரியோ, "ஒரு நாளைக்கு வந்தவர்" என்றார். எந்த ஏட்டிலும் அவர் பெயர் இல்லை. நான்கு மாதம் அங்கேயே உழைத்தவர் அங்கு உழைத்ததை நிரூபிக்க இயலவில்லை. அவர் மனைவி இப்போது சித்தாள் வேலைக்குச் செல்கின்றார்.

ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் நமக்கு ஒன்று தெளிவாகத் தெரியும். வருகைப் பட்டியலில் பெயர் ஏறாத ஆளுக்குக் கூலி பிறப்பதில்லை. பெயர் எழுதுவது அற்பக் காரியமாகத் தோன்றலாம். ஆனால் உரிமைகள் யாவும் அதிலிருந்தே முளைக்கின்றன. கட்டிடத் தொழிலாளர் நல நிதியில் பதிவு பெற, வயது 18 நிறைந்து 60 நிறையாமல் இருப்பதோடு, முந்திய பன்னிரண்டு மாதங்களில் 90 நாட்களாவது வேலை செய்திருக்க வேண்டும். அந்த 90 நாட்களுக்குச் சாட்சி எது? ஏடுதான்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பதற்கில்லை. 1979 ஆம் ஆண்டு வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம், ஐந்து வெளிமாநிலத்தவரை வைத்து வேலை வாங்குவோரையும் கட்டுப்படுத்தியது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தொகுப்பு, வேலை நியமனக் கடிதம் ஒவ்வொருவருக்கும் தரப்பட வேண்டும் என்கின்றது, வரவேற்கத்தக்கதே. ஆனால் வெளிமாநிலத்தவர் பற்றிய அதன் விதிகள் பத்துப் பேரிலிருந்தே தொடங்குகின்றன. ஆறு பேரை வைத்து வீடு கட்டும் மேஸ்திரியிடம் வேலை செய்வோரைக் காப்பது யார்? அவ்விடத்தை நம் ஒழுங்கே நிரப்ப வேண்டும்.

அவ்வொழுங்கு எவ்வாறு இருத்தல் வேண்டும்?

முதலாவதாக, வேலையைக் கணக்கிட்ட பின்னரே ஆளை அழைக்க வேண்டும். அஸ்திவாரத்துக்கு எத்தனை பேர், சுவருக்கு எத்தனை கொத்தனார், தளம் போடும் நாளுக்கு எத்தனை சித்தாள் என்று முன்கூட்டி எழுதிக் கொண்டால், விடியற்காலையில் கூட்டத்தைக் கூட்டிப் பாதிப் பேரை வெறுங்கையோடு அனுப்பும் கொடுமை நேராது.

இரண்டாவதாக, பெயர், ஊர், வயது, தொழில், நாட்கூலி, வேலை தொடங்கிய தேதி, வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றை முதல் நாளே இரு பிரதிகளில் எழுதி, ஒன்றைத் தொழிலாளியிடம் கொடுக்க வேண்டும்.

மூன்றாவதாக, கைத்திறனைப் பார்த்து எடுக்க வேண்டும். அரை நாள் சுவர் வைக்கச் சொல்லித் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தால் கொத்தனாரின் தரம் தெரிந்துவிடும். ஜாதியும் உறவும் சுவரை நேராக நிறுத்துவதில்லை.

நான்காவதாக, கூலியை உழைத்தவர் கையிலேயே கொடுக்க வேண்டும். மனைவியின் கூலி மனைவி கையில். நாட்கூலி எனில் வேலை முடியும் வேளையிலும், வாரக்கூலி எனில் விடுமுறைக்கு முந்திய வேலை நாளிலும், விலகியவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள்ளும் பணம் சேர வேண்டும் என்பது இப்போதைய கூலிச் சட்டமும் கூறுவதே. முன்பணம் கொடுத்தால் தொகையையும் கழிக்கும் விதத்தையும் எழுதிவிட வேண்டும்.

இவ்வளவும் செய்தால் செலவு மிகும் என்பர் சிலர். வடகரையை அடுத்த ஊராளுங்கலைப் பாருங்கள். வாக்படானந்தரின் ஊக்கத்தால் 1925 இல் பதினான்கு தொழிலாளர் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். தொழிலாளரே அங்கத்தினர்; அவர்களே நிர்வாகிகள். நூறாண்டைக் கடந்த அச்சங்கம் இன்று பாலங்களும் சாலைகளும் கட்டுகின்றது. கொச்சியில் பழுதுற்ற பாலாரிவட்டம் மேம்பாலத்தைப் புதுப்பிக்கும் பணியையும் அதுவே ஏற்று, 2021 மார்ச்சில் பாலம் மீண்டும் திறக்கப்பட்டது. ஏடும் நாணயமும் நஷ்டம் தரும் சரக்குகள் அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கேரளத்தில் கிராமப்புறக் கட்டிடத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி 2021-22 இல் 837 ரூபாயைக் கடந்திருந்தது. அகில இந்தியச் சராசரியோ 373 ரூபாய்தான். இக்கூலிதான் நம்மவரை இங்கே அழைத்து வருகின்றது. அது இடையில் நிற்பவர் கையில் கரையாமல் வீடு போய்ச் சேர வேண்டுமானால் கணக்கு வேண்டும்.

ஆகையால் நம் சங்கக் கிளைகள் ஒவ்வொன்றும் ஒரு பதிவேடு தொடங்குதல் நலம். வேலை தேடுவோர் தம் பெயரையும் தொழிலையும் அதில் பதியட்டும். ஆள் வேண்டுவோர் வேலையையும் கூலியையும் எழுதட்டும். எழுத்தறிந்த இளைஞர் இருவர் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். மேஸ்திரிகளாய் உள்ள அன்பர்கள் முதலில் முன்வருவார்களாக; நேற்று அவர்களும் பிறர் ஏட்டில் பெயர் தேடி நின்றவர்களே.