கித்தாரின் விளிம்பில் ஒரு கைவேலை

கித்தாரின் முகப்பைச் சுற்றி ஓடும் கறுப்பு வெள்ளைக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை வெறும் வண்ணப்பூச்சு என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல கித்தார்களில் அவை மரத்தைக் குடைந்து பதித்த மெல்லிய மரப்பட்டைகளாகும்.

இதில் இரண்டு பகுதிகள் உண்டு. வெளிமூலையில் அமர்வது ‘பைண்டிங்’ எனப்படும் காப்புப் பட்டை. அதை ஒட்டி உட்புறமாக ஓடுவது ‘பர்ஃப்ளிங்’ எனப்படும் அலங்காரக் கோடு.

அழகுக்கு மட்டுமா இது? இல்லை. முகப்புப் பலகை பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்னும் இளகிய மரம். கனம் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர்தான். அறுபட்ட இழை முனைகள் வழியாகத்தான் ஈரம் எளிதில் உள்ளே புகும். ஓரத்தில் அடிபட்டாலும் பலகை விரிசல் விடும். ஈட்டி போன்ற கடின மரப்பட்டை அந்த முனைகளை மூடிக் காக்கிறது.

இந்தப் பள்ளத்தை இயந்திரம் சில நிமிடங்களில் வெட்டிவிடும். ஆனால் சுழலும் அலகு இழையில் சிக்கினால், ஒரு துண்டையே பிய்த்தெடுத்துவிடும். பல வார உழைப்பு ஒரு நொடியில் வீண்! ஆகவேதான் கைவினைஞர்கள் பலர் இன்றும் ‘கிரமில்’ என்ற ஸ்பானியக் கருவியை நாடுகிறார்கள். இது கோடு கீறும் சிறிய கத்தி. இதிலுள்ள தடுப்புக் கட்டை கித்தாரின் பக்கப்பலகையை உரசியபடி நகர்வதால், கோடு எங்கும் ஒரே தூரத்தில் விழும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கத்தி எப்போதும் மரத்தின் இழையோடு ஓடப் பார்க்கும். எனவே ஒடுங்கிய இடத்திலிருந்து அகன்ற இடத்தை நோக்கியே கீற வேண்டும். அப்போது இழை கத்தியை உட்புறமாக இழுக்கும்; தடுப்புக் கட்டை அதை நிறுத்திவிடும். எதிர்த்திசையில் கீறினாலோ கத்தி வெளியே விலகும். தடுக்க எதுவும் இல்லை. அதனால் ஒரே சுற்றாகக் கீறாமல், இடத்திற்கு இடம் திசையை மாற்றுகிறார்கள்.

முதல் கீறல் மிக இலேசாக இருக்க வேண்டும். பிறகு சிறிது சிறிதாக ஆழப்படுத்தலாம். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் கீறி, இடைப்பட்ட மரத்தை உளியால் எடுப்பார்கள். பக்கப்பலகையின் கனம் சுமார் 2 மில்லிமீட்டர் மட்டுமே. பள்ளம் அளவு மீறினால், உள்ளே முகப்பைத் தாங்கி நிற்கும் ஒட்டுக்கட்டையே அறுபட்டுவிடும்.

அடுத்து, பட்டையை நனைத்து, சூடான குழாயின் மேல் மெல்ல வளைத்து, பசை தடவிப் பதித்து, நாடாவால் இறுகக் கட்டுவார்கள். காய்ந்தபின் எஃகுத் தகட்டால் சுரண்டிச் சமப்படுத்துவார்கள்.

அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் தன் டி-28 கித்தாரில் மீன்முள் வடிவ ஓரத்தை 1940களின் பிற்பகுதியில் நிறுத்தியது. ஆனால் இரசிகர்கள் அதை மறக்கவில்லை. 1976-இல் எச்டி-28 என்ற பெயரில் அந்த ஓரம் மீண்டும் வந்தது.

இனி ஒரு கித்தார் கைக்கு வந்தால், இடுப்பு வளைவில் அந்தக் கோடுகளை உற்றுப் பாருங்கள். பட்டை வளைய மறுக்கும் இடம் அதுதான். அங்கே இடைவெளியின்றிப் பொருந்தியிருந்தால், அது பொறுமையுள்ள ஒருவரின் வேலை என்று துணிந்து சொல்லலாம்.